உடனே வெளியே வரவும்

ஜூலை 1, திங்கள்

நகராட்சிக்கு எழுபத்தைந்து வயது ஆகிறதாம். சுதந்திர தினத்தன்று விழா, விழாவுக்கு ஒரு மலர். மலர்க்குழுச் செயலாளர் ஞானதிரவியம் காலை ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். பாத்திரக்கடை வைத்திருப்பவர். ஊரில் எந்தக் குழு அமைந்தாலும் அதற்கு அவர்தான் செயலாளர். வேறு யாரும் கேட்பதுமில்லை, அவர் விடுவதுமில்லை.

நம் ஊர் சினிமாக் கொட்டகைகளின் வரலாற்றை நான் எழுத வேண்டுமாம், ஆறு பக்கம். ஏன் நான் என்று கேட்டேன். முப்பத்தாறு வருடம் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதியவன், என்னைவிட அதிகமாக எழுதியவர் ஆலடிப்பேரியில் யார் இருக்கிறார் என்றார். நியாயம்தான். மூன்று கொட்டகைகளும் செத்துப் போனவை. எனக்குப் பழக்கமான வேலை.

ஆவுடையக்காவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. "ஒனக்கு என்னல தெரியும் கொட்டகையப் பத்தி? பாதிப் படத்துல தூங்குவ" என்றாள். இதுவும் நியாயம்தான்.

அக்கா எனக்கு மூன்று வயது மூத்தவள். அத்தான் இறந்த பிறகு பதினோரு வருடமாக என்னோடுதான் இருக்கிறாள். என் மனைவி அதற்கு இரண்டு வருடம் முன்பே போய்விட்டாள். மகள் கோயம்புத்தூரில். எனக்கு வேளாவேளைக்குச் சோறும் சுகர் மாத்திரையும் வசவும் கிடைப்பது அக்காவால்.

ஜூலை 3, புதன்

கள ஆய்வுக்குப் போனேன். வரலாற்று ஆசிரியர்கள் எல்லோரும் போவார்களாம். வெயில் மண்டையைப் பிளந்தது.

வடிவாம்பிகை டூரிங் டாக்கீஸ் இருந்த இடத்தில் நகராட்சி உரக்கிடங்கு. மோந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

நியூ பாரடைஸ் இப்போது கல்யாண மண்டபம். பழைய பாரடைஸ் என்று ஒன்று இருந்ததாக யாருக்கும் நினைவில்லை, பிறக்கும்போதே 'நியூ'வாகப் பிறந்த கொட்டகை. மண்டபமாக்கியவர்கள் தரையின் சரிவைச் சமன் செய்யவில்லை. பந்தியில் ரசம் ஊற்றினால் இலையில் நிற்காமல் மணமேடையை நோக்கி ஓடுகிறது. அங்கே சாப்பிடுகிறவர்கள் இலைக்குக் கீழே செருப்பை முட்டுக் கொடுக்கிறார்கள் என்று மண்டப மேனேஜர் பெருமையாகச் சொன்னார்.

லட்சுமி விலாஸ் சூப்பர் மார்க்கெட் ஆகிவிட்டது. வெள்ளைத் திரை இருந்த சுவரில் சோப்புத்தூள் அடுக்கியிருக்கிறார்கள். உள்ளே போகவில்லை. வெளியே நின்றே பார்த்துக்கொண்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

வரலாறு முழுவதும் அக்காவின் தலைக்குள் இருக்கிறது. பெயர் மட்டும் எனக்கு.

டூரிங் டாக்கீஸுக்கு லைசென்ஸ் ஒரு வருடம்தான், பிறகு இடம் மாற வேண்டும் என்று சட்டம். அதனால் வருடா வருடம் கூடாரத்தைப் பிரித்து, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, நூறடி தெற்கே தள்ளிக் கட்டுவார்களாம். அடுத்த வருடம் நூறடி வடக்கே. இப்படிப் பதினேழு வருடம் ஓடியிருக்கிறது. இதை அக்கா சொல்லிச் சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ நாளாகிறது.

நியூ பாரடைஸில் பால்கனி என்பது பன்னிரண்டு நாற்காலி. அதில் நான்கு நாற்காலிகள் தாசில்தாருக்கும் இன்ஸ்பெக்டருக்கும். மீதி எட்டில் யாராவது உட்கார்ந்தால் அவரும் ஏதோ அதிகாரி என்று நினைத்து முறுக்கு விற்பவன் காசு வாங்கமாட்டான். அப்பா ஒருமுறை அப்படி ஓசி முறுக்குத் தின்றதை அக்கா சொன்னாள். அப்பா சார்பதிவாளர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர், ஊருக்கே நேர்மையைப் பற்றிப் பாடம் எடுத்தவர்.

ஜூலை 8, திங்கள்

லட்சுமி விலாஸ் பற்றிக் கேட்டேன். "அத வேற யார்ட்டயாவது கேளு" என்று எழுந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

கண்வலி என்று சொல்லி 1979-க்குப் பிறகு அக்கா எந்தக் கொட்டகைக்குள்ளும் காலடி வைத்ததில்லை. டிவியில் மட்டும் அந்தக் கண்வலி வருவதில்லை.

ஜூலை 9, செவ்வாய்

சுகர் 214. காரணம் தெரியவில்லை.

ஜூலை 13, சனி

லட்சுமி விலாஸை நானே எழுதினேன். எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் ஸ்லைடு.

ஊரில் போன் இருந்த வீடு ஒன்பது. ஆனால் படம் ஓடும்போது யாரையும் கூப்பிட வசதி இருந்தது. வாசலில் வந்து பெயரைச் சொன்னால் போதும். கண்ணாடித் துண்டில் கறுப்பு மை தடவி, காய்ந்ததும் ஊசியால் கீறி எழுதி, திரையில் படத்தின் மேலேயே காட்டுவார்கள். 'அரிசிக்கடை சங்கரலிங்கம் உடனே வெளியே வரவும்.' கதாநாயகி அழுதுகொண்டிருப்பாள், அவள் கழுத்தின் குறுக்கே சங்கரலிங்கம் போவார். ஊரில் அரிசிக்கடை சங்கரலிங்கங்கள் மூவர் இருந்ததால் மூவரும் எழுந்து ஓடுவார்கள். ஆண் குழந்தை பிறந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினால் அதையும் எழுதுவார்கள், கொட்டகையே கைதட்டும்.

புதிதாக வந்த டாக்டர் ஒருவர் சனிக்கிழமைதோறும் இரண்டாம் ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, தன்னையே கூப்பிடச் சொல்லி வாசலுக்கு ஆள் அனுப்புவார். 'டாக்டர் அவர்கள் அவசர சிகிச்சைக்கு உடனே வரவும்.' வெளியே போய் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார். இரண்டே மாதத்தில் அவர்தான் ஊரில் பெரிய டாக்டர்.

ஸ்லைடு எழுதியவர் இஸ்ரவேல். கடைப் பலகைகளும் அவர் கைதான். அவர் ஒரு விதி வைத்திருந்தார்: பெண்ணின் பெயரைத் திரையில் எழுதக் கூடாது. அழைக்க வேண்டுமென்றால் 'நெல்லுக்கடை வீட்டார் வெளியே வரவும்' என்பார். அது யார் என்று அந்த வீட்டுப் பெண்ணுக்கும் அவளைத் தெரிந்த நாலு பேருக்கும் மட்டும் புரியும். முதலாளி கேட்டாலும் மாட்டார். நானூறு ஆம்பிளைகள் வாயில் ஒரு பெண்ணின் பெயரை நான் எடுத்துப் போட மாட்டேன் என்பார்.

அவரிடம் ஒருவன் எழுத்துப் பழகிக்கொண்டிருந்தான். அவனைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 16, செவ்வாய்

சாப்பிடும்போது அக்கா கேட்டாள், "இஸ்ரவேலப் பத்தி எழுதுதியா?"

ஒரு பத்திதான் என்றேன்.

"அந்த ஆளு பேரு மலர்ல வரக் கூடாது. கூடவே இருந்து காட்டிக் கொடுத்தவனுக்கு மலர் ஒரு கேடா?"

மோர் ஊற்றினாள். பாதி இலைக்கு வெளியே போயிற்று. நாற்பத்தைந்து வருடத்தில் அந்தப் பெயரை அவள் வாயிலிருந்து கேட்டது இதுதான் முதல் தடவை.

ஜூலை 18, வியாழன்

ஞானதிரவியம் போன் செய்தார். வரலாறு எந்த அளவில் இருக்கிறது என்றார். வரலாறு அப்படியேதான் இருக்கிறது என்றேன். சிரித்தார். அவருக்கு எல்லாமே நகைச்சுவை.

ஜூலை 20, சனி

இன்றைக்கு எழுதியே தீருவது என்று உட்கார்ந்து மூன்று பேனாவைச் சரி பார்த்தேன். மூன்றும் எழுதுகின்றன. வேறு சாக்கு கிடைக்கவில்லை.

இஸ்ரவேலிடம் எழுத்துப் பழகியவனுக்கு வயது பத்தொன்பது. எழுத்து நன்றாக வருகிறது, மதுரைக்குப் போனால் பெரிய ஆளாகிவிடுவாய் என்று இஸ்ரவேல் சொல்வார். அவன் நம்பினான். மாலையில் எழுதிப் பார்க்கும் நோட்டைக் கொண்டுபோவான், இஸ்ரவேல் திருத்தித் தருவார், வீட்டுக்கு எடுத்து வருவான். 1979 ஆகஸ்டில் அந்த நோட்டின் அட்டைக்குள் ஒரு கடிதம் அகப்பட்டது. அவனுடைய அக்கா இஸ்ரவேலுக்கு எழுதியது. திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் நாகர்கோவிலுக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொள்வது பற்றி. அட்டையைப் பிரித்துப் பார்த்தால் அது எத்தனையோ முறை பிரித்து ஒட்டப்பட்டிருந்தது. எட்டு மாதமாக அவன் தபால்காரன் வேலை பார்த்திருக்கிறான், சம்பளமில்லாமல்.

அக்கா ஒரு கிறிஸ்தவரைக் கட்டிக்கொள்வது அவனுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. எழுத்து நன்றாக வருகிறது என்று சொன்னதெல்லாம் நோட்டு போய்வரத்தானா என்பதுதான் அவனுக்கு வயிற்றெரிச்சல். பத்தொன்பது வயதில் மனிதன் இதற்கெல்லாம் உலகத்தைக் கொளுத்துவான்.

ஞாயிறு மாட்டினி. அக்கா டைப் கிளாசில் கூடுதல் வகுப்பு என்று சொல்லிவிட்டு லட்சுமி விலாஸில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் புதுப்படத் தட்டி கட்டுவதைப் பார்க்க இஸ்ரவேல் போனார், ஸ்லைடு வந்தால் நீயே எழுதிப் போடு என்றார். ஸ்லைடு ஒன்றும் வரவில்லை. அவனே ஒன்றை எழுதினான். ஆசான் கை எது, மாணவன் கை எது என்று யாரும் பிரிக்க முடியாதபடி எழுதினான். இப்படி ஒரு மாணவன் யாருக்கு வாய்ப்பான்.

'சப்ரிஜிஸ்டர் ஆபீஸ் சிதம்பரநாதன் மகள் ஆவுடையம்மாள் உடனே வெளியே வரவும்.'

கொட்டகை அப்படியே அடங்கிப்போயிற்று. பிறகு ஆண்கள் பக்கம் ஒருவன் விசிலடித்தான். பிறகு எல்லோரும். அக்கா எழுந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அந்த விசிலுக்கு நடுவே கதவு வரைக்கும் நடந்துபோனதை நான் மேலே ஆபரேட்டர் அறை ஓட்டை வழியாகப் பார்த்தேன்.

'நான்' என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும், அடிக்க வேண்டாம்.

அவள் கொட்டகையில் இருந்தது அன்று மாலைக்குள் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அக்காவை வீட்டில் பூட்டினார். அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: அந்த ஸ்லைடை நீயும் பார்த்தாயா, அது இஸ்ரவேல் எழுத்துதானே? ஆமாம் என்றேன். முதலில் செய்ததுகூட ஆத்திரம். இந்த ஆமாமை நிதானமாகத்தான் சொன்னேன். நாற்பதாம் நாள் அம்பாசமுத்திரத்தில் அவளுக்கு வேறொருவரோடு கல்யாணம். இஸ்ரவேல் அந்த மாதமே ஊரைவிட்டுப் போனார்.

ஜூலை 26, வெள்ளி

கட்டுரையைக் கொடுத்தேன். ஸ்லைடு விஷயத்தைச் சேர்த்திருக்கிறேன், பெயர்கள் இல்லாமல். 'ஒரு பெண்', 'பொறாமை பிடித்த அவளது தம்பி', 'குற்றமற்ற ஒரு கலைஞர்'. மலர் வந்ததும் அக்கா படிப்பாள், அவளுக்குப் புரியும். நான் நேரில் சொல்ல வேண்டியதில்லை. நாற்பத்தைந்து வருடம் யோசித்துக் கண்டுபிடித்த வழி இது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

புரூஃப் வந்தது. அந்தப் பத்தி இல்லை. பொம்பிளைப் பிள்ளை விவகாரம் மலருக்கு எதற்கு அண்ணாச்சி என்றார் ஞானதிரவியம். அந்த இடத்தில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம், ஆடித் தள்ளுபடி. மலர் வரும்போது ஆடியே முடியப் போகிறது என்று சொன்னேன். விளம்பரத்துக்கு மாதம் ஏது என்றார்.

உண்மையை நேரிலேயே சொல்லிவிட வேண்டியதுதான், இதற்கு இன்னொரு ஆளை வைத்தா சொல்ல முடியும். எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் இந்த நோட்டும்தான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். அக்கா விரதம் முடித்து எனக்கு இலை போட்டாள். அவள் உட்கார்ந்த பிறகு சொன்னேன்.

"அக்கா, அந்த ஸ்லைட எழுதுனது இஸ்ரவேல் இல்ல. நான்."

கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். நோட்டு, கடிதம், தட்டி கட்டப் போனது எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில்தான் கேட்டாள்.

"அன்னைக்கி நான் கேட்டேம்லா, அவர் எழுத்துதானான்னு?"

"கேட்ட."

"ஆமான்னு சொன்ன."

"சொன்னேன்."

இலையை மடித்துவிட்டு எழுந்தாள். சோறு பாதி அப்படியே இருந்தது.

ஆகஸ்ட் 5, திங்கள்

சோறு வந்தது. மாத்திரை வந்தது. வசவு வரவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

இன்றும் பேச்சில்லை. திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதில் ரசத்தில் மிளகு அதிகமாகப் போட்டிருக்கிறாளா என்று ருசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் போட்டிருக்கிறாள். இப்படி ஒரு தண்டனை இருப்பது எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 8, வியாழன்

"அந்த மனுசன் இருக்காரா?" என்று கேட்டாள். நாசரேத்தில் இருக்கிறார் என்றேன். எனக்குத் தெரியும் என்பதே அவளுக்கு இன்னொரு அடி. "நாளைக்குப் போறோம். நீதான் சொல்லணும்" என்றாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஒரு மணி நேர பஸ். அக்கா முன்னால், நான் பின்னால்.

இஸ்ரவேலுக்கு அறுபத்தொன்பது வயது. மனைவி இல்லை. மகள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து கல்லறைக் கற்களில் பெயர் எழுதுகிறார். பிளக்ஸ்காரர்கள் இந்தத் தொழிலுக்கு மட்டும் வரவில்லையாம், செத்தவர்களுக்கு வெயிலில் வெளுக்காத எழுத்து வேண்டும். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். அக்காவைத்தான் பார்த்தார்.

நான் சொன்னேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. நான்தான் எழுதினேன், உங்கள் எழுத்தில் எழுதினேன் என்று மட்டும் வந்தது.

"அது எனக்குத் தெரியும் தம்பி" என்றார் இஸ்ரவேல். "தட்டி கட்டிட்டு உள்ள நுழையும்போது திரையில அதுதான் நின்னுச்சு. நான் எழுதல, மேல எழுதத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். வேற யாரு எழுதிருப்பா?"

அக்கா, "அப்புறம் ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி விடல?" என்றாள்.

அவர் கையிலிருந்த பிரஷைத் துணியில் துடைத்தார்.

"நீதான் தம்பியவிட்டு எழுதச் சொல்லிருக்கன்னு நெனச்சேன் ஆவுடை. வர இஷ்டமில்ல, அதச் சொல்லவும் தைரியமில்ல, அப்பா புடிச்சு வச்சுட்டாருன்னு ஆகட்டும்னு நீ செஞ்சிருக்கன்னு நெனச்சேன். இருந்தும் திங்கக்கெழம முதல் பஸ்ஸுக்கு நின்னேன். சாயந்திர பஸ் வரைக்கும் நின்னேன்."

அக்கா அழுதாள். எனக்குத் தெரிந்து அப்பா செத்ததற்கும் அத்தான் செத்ததற்கும் இப்படி அழவில்லை. நான் செய்தது ஒரு கல்யாணத்தை நிறுத்திய காரியம் என்று இத்தனை நாள் கணக்கு வைத்திருந்தேன். இரண்டு பேரையும் ஒருவரை ஒருவர் வாழ்நாள் முழுக்க மட்டமாக நினைக்க வைத்திருக்கிறேன். அதை எந்தக் கேலியாலும் என்னால் மூட முடியவில்லை.

இஸ்ரவேலின் மகள் டீ கொண்டுவந்தாள். என்னை அக்கா வெளியே போய் இருக்கச் சொன்னாள். தெருமுனையில் இரண்டரை மணி நேரம் நின்றேன். திரும்பி வரும்போது என்ன பேசினாய் என்று கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலையில் அக்கா என் மேசைக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். லட்சுமி விலாஸ் பற்றி அவள் சொல்கிறாளாம், நான் எழுத வேண்டுமாம். மலர் அச்சுக்குப் போய்விட்டது என்றேன்.

"மலர் கெடக்கட்டும். எழுது."

சொன்னாள். எட்டு மாதக் கடிதங்கள், நோட்டின் அட்டை, ஞாயிறு மாட்டினி, விசில், பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் சாயங்காலம் வரை நின்றது. 'ஒரு பெண்' என்று எழுதினேன். என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்து அடிக்கச் சொன்னாள். ஆவுடையம்மாள் என்று போடச் சொன்னாள். இஸ்ரவேல் பெயரைப் போடவா என்றேன். போடு, அவர் குற்றவாளி இல்லை என்று கொட்டை எழுத்தில் போடு என்றாள். 'அவளது தம்பி' என்று எழுதிவிட்டு நிறுத்தினேன்.

"என் பேர எழுதத் தெரிஞ்சுதுல்லா? ஒன் பேர எழுது."

சிதம்பரநாதன் மகன் காந்திமதிநாதன் என்று எழுதினேன். முப்பத்தாறு வருடம் ஊரார் பெயரையெல்லாம் எழுதியவனுக்குக் கை இப்படி வியர்த்ததில்லை. முழுவதையும் இரண்டு முறை படித்தாள். லட்சுமி விலாஸில் எத்தனை சீட்டு என்று கேட்டாள். நானூற்றுப் பன்னிரண்டு என்றேன்.

"நானூத்திப் பன்னெண்டு ஜெராக்ஸ் எடு."

ஆகஸ்ட் 15, வியாழன்

விழா. உள்ளே ஞானதிரவியம் மலர் கொடுத்தார். வாசலில் நான் தாள் கொடுத்தேன்.

அன்று கொட்டகையில் விசிலடித்தவர்களில் பாதிப் பேருக்கு இறப்புச் சான்றிதழ் எழுதியது நான்தான். மீதிப் பேரில் சிலர் வந்திருந்தார்கள். அரிசிக்கடை சங்கரலிங்கங்களில் உயிரோடு இருக்கும் ஒருவர் நின்ற இடத்திலேயே படித்தார். என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போகாமல் வீட்டுக்கே போய்விட்டார். இளைஞர்கள் வாங்கி, தள்ளுபடி நோட்டீஸ் என்று நினைத்து விசிறிக்கொண்டார்கள். ஞானதிரவியம் வெளியே ஓடிவந்து, அண்ணாச்சி நகராட்சிக்கு அசிங்கம் என்றார். அவருக்கும் ஒன்று கொடுத்தேன்.

அக்கா மூன்று மணி நேரமும் என் பக்கத்திலேயே நின்றாள். தாள் ஒட்டிக்கொண்டால் எச்சில் தொட்டுப் பிரித்து எடுத்துக் கொடுத்தாள். பதினொரு மணிக்கு என் மாத்திரையையும் கொடுத்தாள்.

எண்ணிப் பார்த்ததில் நூற்று நாற்பது மீதி. நாளை பஸ் ஸ்டாண்டில் நின்று கொடுக்க வேண்டுமாம், முதல் பஸ்ஸிலிருந்து சாயந்திர பஸ் வரைக்கும்.